பானெட்டை வேற யாரும் திறக்கலீங்க

வாங்க தம்பி. பெல்ட்டைக் கழட்டி அந்தச் சேர்ல வைங்க. தப்பா நெனைக்காதீங்க, பக்கிள் உரசுனா காரு பெயிண்ட்டுல கோடு விழுகும். போன மாசம் சேலத்துல இருந்து ஒருத்தன் வந்தான், விவரமானவன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போனான். அவன் போன பொறவு பாத்தா முன்னால விரல் நீளத்துக்குக் கோடு. போன்ல கூப்பிட்டு நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேட்டு, இனி இந்தப் பக்கம் வராதேன்னுட்டேன்.

நீங்க நாலாவது ஆளு. மத்த மூணு பேரையும் நாந்தான் தொரத்தி உட்டேன். ஒருத்தன் வண்டியப் பாக்கறதுக்கு முந்தியே என்னைக் கேள்வி கேக்கறான். யார் ஓட்டுவா, யார் கழுவுவா, தண்ணி எண்ணெயெல்லாம் யார் பாப்பான்னு. ஏப்பா, வண்டி கெட்டுப் போச்சுன்னு கூப்பிட்டா வண்டியப் பாரு, என்ற மூஞ்சிய எதுக்குப் பாக்கறேன்னேன். நீங்க அந்த மாதிரி இல்லைன்னு நெனைக்கறேன். கோயமுத்தூர்க்காரங்க கொஞ்சம் மரியாதை தெரிஞ்சவங்க.

நீங்க லேப்டாப்பை மாட்டுங்க, உங்க வேலையப் பாருங்க. நான் பாட்டுக்குச் சொல்லீட்டு இருக்கறேன்.

எனக்கு வேண்டியது ஒரு காயிதம். உங்க கம்பெனி சீல் போட்ட காயிதம். இந்த இஞ்சினை ஒருத்தன் வேணும்னே கெடுத்து வச்சிருக்கறான்னு அதுல எழுதியிருக்கோணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எங்க ரிக் வண்டிச் சங்கத்துல கூட்டம். அர்த்தநாரி மனுக் குடுத்திருக்கறான். நான் அவனைத் திருடன்னு சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கோணுமாம். செயலாளர் வையாபுரி ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "நீங்க பேசுனது போதும். வெளியூர்ல இருந்து விவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டியாந்து வண்டியப் பிரிச்சுப் பாத்து எழுதி வாங்குங்க. அர்த்தநாரி மேல தப்புன்னா அவன் பட்டறைய மூடீட்டுப் போகட்டும். இல்லீன்னா நாச்சிமுத்து சபையில எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேக்கட்டும்"னு சொல்லீட்டாரு. நாச்சிமுத்துங்கறது நாந்தான். எனக்கு அறுபத்தி ரெண்டு வயசாகுது, இதுவரைக்கும் ஒருத்தன்கிட்ட மன்னிப்புன்னு கேட்டதில்ல. பொண்டாட்டிகிட்டக்கூடக் கேட்டதில்ல.

அர்த்தநாரி யாருன்னு உங்களுக்குத் தெரியாதில்ல. சங்ககிரி ரோட்டுல பட்டறை வச்சிருக்கறான். என்ற நாலு ரிக்கும் பத்தொம்பது வருசமா அவன் கைதான். ரிக்குன்னா போர்வெல் போடற வண்டி தம்பி, லாரி மேல கோபுரமாட்டம் நிக்குமே, அது. ஒரிசாவுல காட்டுக்குள்ள வண்டி நின்னு போச்சுன்னாக்கூட ரயிலேறி வந்து, அங்கயே கல்லுல சோறாக்கித் தின்னுட்டு, சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் திரும்புவான். அண்ணா அண்ணாம்பான். மஸ்கட்ல ரெண்டு வருசம் இருந்து பெரிய பெரிய காரெல்லாம் பாத்துட்டு வந்தவன். அந்த நம்பிக்கையிலதான் இந்த வண்டிய அவன் கையில உட்டேன். பாவி அந்த வித்தையத்தான் எனக்கே காட்டீட்டான்.

வண்டியப் பாருங்க நீங்களே. ஏழு பேர் உக்காரலாம். எங்க தெய்வானைக்கு, அதான் என்ற சம்சாரம், முழங்கால்ல வலி. ஒரு பட்டனை அமுத்துனா அவ ஏறறதுக்காக நாலு விரக்கடை எறங்கிக் குடுக்குமுங்க. ஸ்பிரிங் கெடையாது, காத்துலயே நிக்குது. ஷோரூம்ல ஒரு பொண்ணு இந்தக் காத்தைப் பத்தி எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்துச்சு. ஆயிரம் அடிக்குக் கீழ கல்லை ஒடைச்சு, அந்தத் தூளை மேல ஊதித் தள்ற காத்தை முப்பது வருசமாக் கட்டி மேய்க்கறவன் நானு. எனக்குக் காத்துன்னா என்னன்னு அது சொல்லிக் குடுக்குது. படிச்ச புள்ளையாச்சேன்னு வாய மூடீட்டுக் கேட்டுக்கிட்டேன்.

டிரைவரெல்லாம் வைக்கலைங்க. நாந்தான் ஓட்டுவேன், நாந்தான் கழுவுவேன். உள்ளார தொடைக்கற துணி வேற, மேல தொடைக்கற துணி வேற, சக்கரத்துக்கு வேற. ஒருக்கா தெய்வானை சக்கரத் துணிய எடுத்துக் கண்ணாடியத் தொடைச்சு உட்டுட்டா. மூணு நாளு அவகூடப் பேசலை. அப்படி வச்சிருந்த வண்டி. இஞ்சின் பக்கம் மட்டும் அர்த்தநாரி. அவனைத் தவிர ஒரு பய பானெட்டைத் திறந்ததில்லைங்க.

மாசி கடைசியில இவன் என்ன சொன்னான்னா, "அண்ணா, இஞ்சினுக்குத் தண்ணி போற ஒரு ஹோஸ்ல ஈரம் கசியுது. வண்டிய ரெண்டு நாள் உடுங்க, மாத்தித் தர்றேன்"னான். பாருங்க, புது வண்டி. புது வண்டியில எப்படி ஹோஸ் கசியும்? இவன் புடுங்கி உட்டிருப்பான், இல்லீன்னா கத்தியில கீறி உட்டிருப்பான். அப்ப எனக்கு அது உறைக்கலை. பங்குனியில கோயில் நோம்பி இருக்குது, சித்திரையில முகூர்த்தம் இருக்குது, வைகாசி வரைக்கும் வண்டிய உட முடியாதுன்னு சொல்லீட்டேன். அதுக்கு அவன் சொல்றான், "சரிங்கண்ணா, ஆனா தண்ணி கொறைஞ்சுதுன்னு லைட்டு எரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நீங்க எதுவும் ஊத்தீராதீங்க. இதுக்குன்னு ரோஸ் கலர்ல தனித் தண்ணி இருக்குது"ன்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டாயிரத்துச் சொச்சம் போர் போட்டவன் நானு. தேங்காய உள்ளங்கையில வச்சுட்டு நடந்தன்னா தண்ணி எங்க ஓடுதுன்னு சொல்லீருவேன். என்கிட்ட வந்து தண்ணியப் பத்திப் பேசறான். அதுவும் அவன் பட்டறை ஆளுக ரெண்டு பேர் நிக்கறப்ப. அன்னைக்கே எனக்கு அவன் மேல மனசு விட்டுப் போச்சு.

அங்க கீழ ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குதே, அதை மெதுவாக் கழட்டுங்க தம்பி, ஒடைஞ்சா கெடைக்காது.

வைகாசியில பழனிக்குப் போனோம். பொண்ணைக் குடுத்த சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூட்டீட்டு. அவங்ககிட்ட இதைவிடச் சின்ன வண்டிதான் இருக்குது, அதனாலதான் நம்ம வண்டியில போலாம்னு நானே வலியப் போய்க் கூப்பிட்டேன். தாராபுரம் தாண்டுனதும் சூடு காட்டற ஊசி செவப்புக்குப் போச்சு. என்னன்னு பாக்கறதுக்குள்ள பானெட்டுல இருந்து பொகை. நடு ரோட்டுல நின்னு போச்சுதுங்க. பெரிய பெரிய லாரிக்காரனெல்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். சம்பந்தியம்மா பட்டுச் சேலையோட டவுன் பஸ்ல கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டே பழனிக்குப் போனாங்க. சம்பந்தி வேட்டிய மடிச்சுக் கட்டீட்டு வண்டிய ஓரந்தள்ளக் கை குடுத்தாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. எனக்கு அந்த ரோட்டுலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

வண்டிய ரெக்கவரி லாரியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பீட்டு நேராப் பட்டறைக்குப் போனேன். ஒரு ரிக் இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தான். பத்துப் பேர் இருந்தாங்க. "ஏண்டா, ஹோஸ் மாத்த உடலைங்கற ஆத்திரத்துல என்ற இஞ்சினுக்குள்ள என்னத்தைடா போட்ட"ன்னு கேட்டேன். கையத் தொடைச்சுட்டே எந்திரிச்சான். "அண்ணா, வண்டிய ஒருக்காப் பாக்கறேன்"னான். "நீ பாத்த வரைக்கும் போதும், இனி என்ற வண்டி இருக்கற தெருவுல நீ நடக்கக் கூடாது"ன்னேன். சொன்னதோட உடலை. அன்னைக்கே சங்கத்துல ஒவ்வொருத்தனுக்கும் போன் போட்டேன். இவன்கிட்ட வண்டிய உட்டா நாளைக்கு உங்களுக்கும் இதேதான்னேன். முப்பத்தி ரெண்டு ரிக் அவன்கிட்ட நின்னுட்டு இருந்துச்சு. ஆனி முடியறதுக்குள்ள ஒண்ணு இல்ல.

இப்பப் பட்டறையில பாதி ஷட்டர் எறங்கிக் கெடக்குது. போன வாரம் பாத்தேன், சங்ககிரியில வேற எவனோ பட்டறையில கூலிக்கு ஸ்பேனர் புடிச்சுட்டு இருக்கறான். அம்பத்தஞ்சு வயசுல. என்னைப் பாத்ததும் வண்டிக்கு அடியில பூந்துக்கிட்டான். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாதில்ல.

என்னங்க அது, கையில? தெர்மோஸ்டாட்டா, அந்தத் தண்ணி வால்வு? கொண்டாங்க பாக்கலாம். அடேங்கப்பா. இத்தனை வெள்ளையா. தம்பி, இதைத்தான் நான் மூணு மாசமாச் சொல்லீட்டு இருக்கறேன். இதப் பாருங்க, சுண்ணாம்பு. அப்பி வச்சிருக்கறான். பவுடரைக் கரைச்சு உள்ள ஊத்தியிருக்கறான். எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும். போட்டோ எடுங்க. நல்லா வெளிச்சத்துல வச்சு எடுங்க. தெய்வானை, இங்க வா, வந்து பாரு, அர்த்தநாரி பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்லுவியே, வந்து பாரு.

என்ன சொல்ற? கெய்சரா?

ஆமா, போன தடவை கெய்சரைப் பிரிச்சப்ப உள்ள இதே மாதிரி இருந்துச்சு. அதுக்கு என்னங்கற? அது கெய்சர், இது காரு. கெய்சர் விக்கறவன் எல்லாம் திருடனுக, வருசத்துக்கு ஒண்ணு மாத்தற மாதிரித்தான் செய்வானுக. நீ உள்ள போ. போயி தம்பிக்கு மோர் கொண்டா.

நீங்க என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? எந்தத் தண்ணி ஊத்துனதுன்னா? நல்ல தண்ணிதான். சாதாரணத் தண்ணி இல்ல. இந்தா, இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே இருக்குதே, தொள்ளாயிரத்தி நாப்பது அடி, நானே தேங்காய் வச்சுப் பாத்து நானே போட்ட போரு. பஞ்சத்துல இந்தத் தெருவுல அத்தனை வீட்டுக்கும் இதுல இருந்துதான் தண்ணி குடுத்தேன். ஒரு நாள்கூட நிக்கலை. கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். பருப்பு வேகாதும்பா இவ. பருப்பு வேகலைன்னா அது பருப்பு மேல தப்பு.

லைட்டு எரிஞ்சுதுங்க, பங்குனியில. எரிஞ்சா? அவனுக்குப் போன் பண்ணி, தண்ணி கொறைஞ்சு போச்சு சாமி, வந்து ஊத்துங்கன்னு நிக்கச் சொல்றீங்களா? நானே ஊத்துனேன். தெனமும் காலைல, இஞ்சின் சூடாகறதுக்கு முந்தி, பானெட்டைத் தூக்கி ஒரு செம்புத் தண்ணி. ஒரு நாள் தவறலை. பழனிக்குப் போற வரைக்கும் ஊத்துனேன். லைட்டு அதுக்கப்புறம் எரியவே இல்ல. அவ்வளவு கருத்தா வச்சிருந்தேன் வண்டிய.

அவன் ஊத்துன ரோஸ் தண்ணியெல்லாம் கசிஞ்சு போயிருக்கும், அதுக்குப் பதிலா இருக்கறது பூரா என்ற தண்ணிதான்னா? சரி, இருக்கட்டும். அதுல இருக்கற உப்புதான் சூட்டுல இப்படிப் படியும்ங்கறீங்க. தண்ணி போற வழியெல்லாம் அடைச்சுக்கிச்சுங்கறீங்க. லைட்டு எரிஞ்சப்பவே அவன்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு ஹோஸோட முடிஞ்சிருக்கும்ங்கறீங்க. அப்ப வண்டிய நான் கெடுத்தேங்கறீங்களா? என்ற வண்டியவா? என்ற தண்ணியிலயா?

நிறுத்துங்க. அந்தப் பேனாவை வைங்க முதல்ல.

அப்படி இருக்க முடியாது தம்பி. ஏன்னா நான் சத்தியம் பண்ணியிருக்கறேன். சும்மா வாயில சொன்ன சத்தியம் இல்ல, அறுபதாம் படியில பண்ணுனது. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. எங்க மலைக் கோயிலுக்குப் படியேறிப் போனா வழியில வரும். அந்தக் காலத்துல கோர்ட்டுல தீராத வழக்கைக்கூட அங்க வந்து சத்தியம் பண்ணித் தீத்துக்குவாங்களாம். அங்க நின்னு பொய் சொல்ல இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நெஞ்சு வராது.

அர்த்தநாரிதான் கூப்பிட்டான். ஆனி மாசம், வெள்ளிக்கிழமை காலைல. "எனக்குப் பட்டறை போனாப் போகுது, திருடன்ங்கற பேரோட இருக்க முடியாது. படிக்கு வாங்கண்ணா"ன்னான். வையாபுரியும் சங்கத்து ஆளுக நாலஞ்சு பேரும் வந்தாங்க. தெய்வானையும் வந்தா, ரெண்டு படி கீழ நின்னா. கற்பூரம் ஏத்துனாங்க. அவன் குளிச்சுட்டு ஈர வேட்டியோட வந்திருந்தான். "அந்த வண்டிக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணலை"ன்னு சொல்லிக் கற்பூரத்தை அடிச்சு அணைச்சான். நான் உடலை. எனக்கும் ஏத்துங்கன்னேன். அவனைத் தவிர வேற யாரும் அந்தப் பானெட்டைத் திறக்கலைன்னு நானும் அடிக்கறேன், அப்ப யார் பண்ணியிருப்பான்னு எல்லாருக்கும் விளங்கிக்கும்னேன்.

ஏத்துனாங்க. நான் கையத் தூக்குனேன். அவன் சடக்குன்னு வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டான்.

கெட்டியாப் புடிச்சான் தம்பி. காதுகிட்ட வந்து, மெதுவா, வேற யாருக்கும் கேக்காத மாதிரி, "அண்ணா, ஒருக்கா நல்லா யோசிங்க. தண்ணி கிண்ணி ஏதாச்சும் ஊத்தியிருந்தீங்கன்னா எங்கிட்ட மட்டும் சொல்லீருங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க இதை மட்டும் அடிக்காதீங்க"ன்னான்.

நான் அவன் கைய ஒதறி உட்டுட்டு அடிச்சேன்.

அடிச்சு முடிச்சுட்டு எல்லார்கிட்டயும் சொன்னேன், பாத்தீங்களா, பயந்துட்டான், சத்தியம் பண்ண வேண்டாம்னு கெஞ்சறான், குத்தமுள்ள நெஞ்சுன்னு. மூணு மாசமா இதைத்தான் சொல்லீட்டுத் திரியறேன். டீக்கடையில சொன்னேன், கல்யாண வீட்டுல சொன்னேன். சம்பந்திகிட்டச் சொன்னேன். எங்கையப் புடிச்சு நடுங்குனான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

அவன் கை நடுங்கலைங்க. இப்ப நெனைச்சுப் பாத்தா நடுங்கவே இல்ல.

வேற யாரும்னா வேற யாரும்தானுங்களே தம்பி. நான் எப்படி வேற ஆளாவேன், என்ற வண்டிக்கு? அந்தப் படியில நின்னப்ப இந்தச் செம்பு எனக்கு நெனப்புலயே இல்லைங்க. சத்தியமாச் சொல்றேன். இல்ல, வேண்டாம், சத்தியம்னு சொல்லலை, விடுங்க.

ஏ தெய்வானை. மோரை வச்சுட்டு இங்க வா. நான் தெனமும் செம்பெடுத்துட்டுப் போனது உனக்குத் தெரியுமில்ல? படியில நீயும் நின்ன. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

கேட்டீங்களா தம்பி இவ சொல்றதை. ஒரு துணிக்கு மூணு நாள் பேசாம இருந்த மனுசன்கிட்ட இதை எப்படிச் சொல்றதாம். அர்த்தநாரியும் அப்படித்தான் நெனைச்சிருப்பான்னு வேற சொல்றா. போ, உள்ள போ. கண்ணைத் தொடைச்சுட்டு என்ற முன்னால நிக்காத.

எனக்கு அவன் மேல இப்பத்தான் தம்பி நெசமாவே ஆத்திரம் வருது. தெரிஞ்சிருக்குது அவனுக்கு. வண்டியத் தொறந்துகூடப் பாக்காம தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சவன் பத்துப் பேருக்கு முன்னால என்ற சட்டையப் புடிச்சிருக்கலாமில்ல? நீதானடா ஊத்துனன்னு கத்தியிருக்கலாமில்ல? நான் கத்துன கத்துல பாதி கத்தியிருந்தாப் போதுமே. முப்பத்தி ரெண்டு வண்டியும் போற வரைக்கும் வாய மூடீட்டு நின்னானே, அண்ணா அண்ணான்னு. இவனை யாரு என்னைக் காப்பாத்தச் சொன்னது? ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னால நான் இப்ப என்னன்னு எந்திரிச்சு நிக்கறது? வண்டியக் கெடுத்தேன்னு சொல்றதா, அறுபதாம் படியில பொய் சொன்னேன்னு சொல்றதா?

தேய்மானம்னு எழுத முடியாதுங்களா? யார் மேலயும் தப்பில்ல, வண்டி தானா அப்படி ஆயிருச்சுன்னு. அவன் பட்டறையும் தப்பிச்சுக்கும், நானும் தப்பிச்சுக்குவேன். நீங்க மனசு வச்சா முடியும். தலைய ஆட்டாதீங்க தம்பி. உங்க வயசுக்கு என்கிட்டத் தலைய ஆட்டற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. என்ற வீட்டு வாசல்ல நிக்கறீங்க நீங்க.

ஏன் லேப்டாப்பை மூடறீங்க? எழுதாமயே கெளம்பறீங்களா?

சரி. எழுதுங்க. உப்புத் தண்ணின்னு எழுதுங்க. எத்தனை மாசம் ஊத்துனதுன்னும் எழுதுங்க. யார் ஊத்துனதுன்னு கேட்டா நாச்சிமுத்து, தகப்பன் பேர் பழனியப்பன்னு எழுதுங்க. சீல் போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க.

கொண்டாங்க, நான் ஒருக்காப் படிச்சுப் பாத்துட்டு... இல்ல, வேண்டாம். எங்கையில குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குது. எங்கையில இருந்தா நாளைக்குக் காலைல கிழிச்சுப் போட்டுட்டு அஞ்சாவதா ஒருத்தனைக் கூப்பிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நேரா வையாபுரி வீட்டுக்குப் போங்க, பஸ் ஸ்டாண்டு பின்னால, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவர் கையில குடுத்துட்டுப் போங்க.

மோரெல்லாம் வேண்டாம், கெளம்புங்க. நீங்க இன்னும் அஞ்சு நிமிசம் இங்க நின்னீங்கன்னா நான் உங்களை வெளிய உடாம கேட்டைச் சாத்தீருவேன்.